ரவுடிக்குக் கவசம், காவலருக்குப் பருத்திச் சட்டை

ரவுடிப் பட்டியலில் இருக்கும் ஒருவன் கொண்டாடிய அந்தப் பிறந்தநாள் காணொளியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆளுயர மாலை, பட்டாசு, பட்டுச் சட்டைக்கு மேலே குண்டு துளைக்காத ஜாக்கெட். வேலூரில் அதைப் பார்க்காதவர் இல்லை. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ஓரத்தில் நின்று வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்த காவலர். கையில் லத்தி, உடம்பில் வெறும் காக்கி.

நான் கேட்பது ஒன்றுதான். ரவுடிப் பட்டியலில் இருப்பவன் கவசம் வாங்க முடியக் கூடாது. அவனைப் பிடிக்கப் போகிறவருக்கு அது கிடைக்க வேண்டும்.

"கவசம் யாரையும் கொல்லாதே, அது என்ன துப்பாக்கியா?" என்று ஒரு நண்பர் அறிவார்ந்த கேள்வி கேட்டிருக்கிறார். 1997-இல் லாஸ் ஏஞ்சலஸில் வங்கிக் கொள்ளையர் இருவர் கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள். காவலர்களின் கைத்துப்பாக்கிக் குண்டுகள் அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை. காவலர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் வாங்கி வந்தார்கள். 2002-இல் அமெரிக்கா, வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் கவசம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2022-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 10 பேரைக் கொன்றவன் மீது, அந்தக் கடையின் காவலராக இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சுட்டார். குண்டு கவசத்தில் பட்டு நின்றது. அவன் திருப்பிச் சுட்டதில் இறந்தது அவர்தான். அதன் பிறகு நியூயார்க் போட்ட சட்டத்தில், அவன் அணிந்திருந்த எஃகுத் தகடே விட்டுப்போயிற்று. மறுபடி திருத்தினார்கள். திருத்தவாவது செய்தார்கள்.

என் தம்பி காவலர். அல்லேரி மலைப் பக்கம் சாராய ஊறல் அழிக்கப் போனவன், முன்கையில் வெட்டோடு திரும்பினான். சட்டைக் கையைக் கத்தரித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அந்தத் துணியை அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை. கவசம் கேட்டிருக்கலாமே என்றேன். சிரித்தான். இருப்பில் இருந்ததைக் காட்டுவார்களாம்: ஒட்டுப்பட்டை ஒட்டாது, வியர்வையில் ஊறி உள்துணி பச்சை பூத்திருக்கும். போட்டுக்கொண்டு மலை ஏறினால் மூச்சு வாங்கும். அதோடு, குண்டைத் தடுக்கிற துணி கத்தி முனையையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கென்று தனியாகச் செய்ய வேண்டும். நம் மாவட்டத்தில் காவலர் மேல் பாய்வது பெரும்பாலும் அரிவாள்தானே? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வெள்ளைக்காரன் காலுக்கு ஷூ தைத்து அனுப்புகிற ஊர்க்காரர்கள் நாம். நம் பிள்ளை உடம்புக்குக் கத்தி இறங்காத உடுப்பு ஒன்று தைக்க முடியாதா?

மும்பையில் 2008 பயங்கரவாதத் தாக்குதலில், மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படையின் தலைவர் ஹேமந்த் கர்கரே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அணிந்திருந்த ஜாக்கெட்டே பிறகு காணாமல் போனது. குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 17051, வந்ததோ 2018-இல். நடுவில் பத்து வருடம்.

"ரவுடிக்கும் உயிர் பயம் இருக்காதா?" இருக்கும். பயமாக இருந்தால் தொழிலை விடட்டும். "சாட்சி, பத்திரிகையாளர் என்ன செய்வது?" நியாயமான கேள்விதான். அனுமதி வாங்கிக்கொள்ளட்டும், விற்றவர் பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும். இதற்கு மேல் யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

"சாத்தான்குளத்தை மறந்துவிட்டீர்களா, போலீசுக்கு வக்காலத்தா?" என்கிறார் இன்னொருவர். மறக்கவில்லை. லாக்கப்பில் அடித்துக் கொன்றவர்களை நானும் திட்டித்தான் எழுதினேன், அப்போது நீங்கள் லைக் போட்டீர்கள். மலையில் சாராய ஊறல் கொட்டப் போகிற காவலருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவர் கை வெட்டுப்பட்டால் உங்களுக்கு நீதி கிடைத்துவிடுமா?

அமைச்சர் வந்தால் மட்டும் நல்ல ஜாக்கெட் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அவர் போனதும் அதுவும் போய்விடுகிறது. வெயிலில் நாள் முழுக்க நின்றவனுக்கு ஒரு மோர்ப் பாக்கெட்டும் மிஞ்சாது. தம்பி மனைவி இரவு ரோந்து முடிகிற வரை தூங்குவதில்லை, அதற்கு எந்தப் படியும் கிடையாது.

கட்சிக்காரர்கள் கீழே வந்து உங்கள் ஆட்சியா எங்கள் ஆட்சியா என்று ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு ஆட்சியிலும் என் தம்பி அதே பருத்திச் சட்டையில்தான் ரோந்து போனான். ஆரம்பித்தால் நீக்கிவிடுவேன், பிறகு வருத்தப்படக் கூடாது.