அந்தச் சுனாமி எங்கிருந்து வந்தது?

நேற்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கலிபோர்னியா நிலநடுக்கத்தைப் பற்றிய ‘சான் ஆண்ட்ரியாஸ்’ ஹாலிவுட் படத்தைத் திரும்பப் பார்த்தேன். கட்டடங்கள் சீட்டுக்கட்டு மாதிரி சரிகின்றன; சரி, காசு செலவழித்திருக்கிறார்கள். ஆனால் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தையே விழுங்குகிறதே ஓர் அலை, அது எங்கிருந்து வந்தது? படத்துக்குப் பெயர் தந்த அந்த நிலப்பிளவு பெரும்பாலும் நிலத்தில்தான் ஓடுகிறது, கடலுக்கடியில் அல்ல. இரண்டு பக்கமும் பக்கவாட்டில் உரசி நகர்கின்றன. கடலின் தரை எழும்பித் தண்ணீரைத் தூக்கினால்தானே 2004 மாதிரி சுனாமி வரும்? படத்தில் நிலநடுக்கத்தின் அளவு 9.6 வேறு! 1906இல் சான் பிரான்சிஸ்கோவையே நாசமாக்கியது சுமார் 7.9தான்.

அதைக்கூட மன்னிக்கலாம். ஊரே அலறும்போது தீயணைப்புத் துறை ஹெலிகாப்டரில் மீட்பு வீரர் சொந்தக் குடும்பத்தைத் தேடிப் போகிறார். ‘எங்கேப்பா போறே?’ என்று ஒரு மேலதிகாரிகூடக் கேட்கவில்லை!