கென்டக்கி டெர்பியில் பெண்குதிரைகளுக்குத் தடை இல்லை

கென்டக்கி டெர்பி என்பது அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடக்கும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். அதைப் பற்றி ஒருவர், "டெர்பியில் பெண்குதிரைகளைச் சேர்க்க மாட்டார்கள், அதனால்தான் அவற்றுக்கு ஆறுதலாக கென்டக்கி ஓக்ஸ் என்ற பந்தயத்தைப் பின்னால் சேர்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். பாதிகூடச் சரியில்லை.

ஓக்ஸ் மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கு மட்டுமானது, அது உண்மை. ஆனால் டெர்பியில் அவை ஓடத் தடை எதுவும் இல்லை. ஓடியிருக்கின்றன, ஜெயித்தும் இருக்கின்றன: 1915இல் ரிக்ரெட், 1980இல் ஜென்யூன் ரிஸ்க், 1988இல் வின்னிங் கலர்ஸ். ஆண்குதிரை 126 பவுண்டு சுமக்கும்போது பெண்குதிரைக்கு 5 பவுண்டு சலுகையும் உண்டு.

அப்படியானால் இப்போது ஏன் டெர்பி பக்கம் காணோம்? 2013 முதல் டெர்பிக்குத் தனிப் புள்ளிக் கணக்கு: அதற்கான தகுதிப் பந்தயங்களில் எடுக்கும் புள்ளியை வைத்துத்தான் இடம். பெண்குதிரைகளுக்கான தகுதிப் பந்தயங்களில் எடுக்கும் புள்ளி ஓக்ஸுக்குத்தான் சேரும். டெர்பி வேண்டுமென்றால் ஆண்குதிரைகளோடு மோதித்தான் புள்ளி எடுக்க வேண்டும். கையில் ஓக்ஸ் இருக்கும்போது எந்த உரிமையாளர் அந்த வம்பை விலைக்கு வாங்குவார்?

ஓக்ஸைப் பின்னால் சேர்த்தார்கள் என்பதும் தவறு. இரண்டுமே 1875இல், லூயிவில்லின் அதே திடலில் தொடங்கியவை. தூரத்தில்தான் வித்தியாசம்: ஓக்ஸ் ஒன்பது ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர்), டெர்பி பத்து. இதே பெயர்களில் பந்தயங்கள் நடக்கும் இங்கிலாந்தின் எப்சமிலோ ஓக்ஸ்தான் மூத்தது. அது 1779, டெர்பி 1780.