ஒரு தடவை செட் பண்ணா போதுமா?
"டேப் சைஸ் 4, இன்சர்ட் ஸ்பேசஸ் (டேப் கீ அடிச்சா ஸ்பேஸா விழற செட்டிங்) ஆன்னு ஒரு தடவை வச்சுட்டா அப்புறம் இன்டென்டேஷன் (வரி தொடக்கத்துல விடற இடைவெளி) பத்தி யோசிக்கவே வேணாம்"னு மேல கட்டுரைல சொல்றது பாதிதான் சரி, விஎஸ் கோட்ங்கற கோட் எழுதற எடிட்டர்ல டிடெக்ட் இன்டென்டேஷன்னு ஒண்ணு நாம கேக்காமலே ஆன்ல இருக்கு, ஃபைலைத் திறந்ததும் உள்ள இருக்கறதப் பாத்து அதுவா முடிவு பண்ணிடும், நம்ம 4 காத்துல போச்சு. அதோட நம்ம செட்டிங் நம்ம மெஷினோட சரி. கோத்தகிரில எங்க வீட்டுப் பச்சைத் தேயிலை எடைக்கணக்குக்கு பைத்தான்ல சின்ன ஸ்கிரிப்ட் வச்சிருக்கேன், ஊட்டில இருக்கற மச்சான் வேற எடிட்டர்ல டேப் போட்டு நாலு வரி சேத்து அனுப்பிட்டான், பாக்க எல்லாம் நேராத்தான் நின்னுச்சு, ஓட்டுனா டேபும் ஸ்பேசும் கலந்துருக்குன்னு பைத்தான் டேப்எரர் காட்டுது. வெளிய மழை, கரண்ட் வேற போய்ப் போய் வருது, பேட்டரி 11 சதவீதம், ரெண்டர் வைட்ஸ்பேஸை (ஸ்பேஸைப் புள்ளியாவும் டேபை அம்புக்குறியாவும் காட்டற செட்டிங்) ஆன் பண்ணினப்புறம்தான் புள்ளி புள்ளியா இருக்கற இடத்துல நாலு அம்புக்குறி பல்லிளிக்குது. மேல கமென்ட்ல ஒருத்தர் "டேபையே ஒழிச்சுடுங்க"ன்னு எழுதியிருக்கார், அண்ணே, மேக்ஃபைல்ல (ப்ரோக்ராமை பில்ட் பண்ற கமாண்டுகளை எழுதி வைக்கற ஃபைல்) கமாண்ட் வரிக்கு முன்னாடி டேபுக்குப் பதிலா ஸ்பேஸ் வச்சுப் பாருங்க, மிஸ்ஸிங் செப்பரேட்டர்னு நின்னுடும். இப்ப ப்ராஜெக்ட்குள்ளயே எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் (எந்த ஃபைலுக்கு எந்த இடைவெளின்னு எல்லா எடிட்டருக்கும் சொல்றது) ஒண்ணு போட்டு பைத்தானுக்கு ஸ்பேஸ் 4, மேக்ஃபைலுக்கு டேப்னு எழுதிட்டேன், நியோவிம்ங்கற எடிட்டர்ல 0.9 வெர்ஷன்லேர்ந்து அதைப் படிக்கற வசதி உள்ளயே இருக்கு, விஎஸ் கோட்ல எக்ஸ்டென்ஷன் தனியா போடணும். ஏற்கெனவே கலந்து கிடக்கற வரியை அது மாத்தாது, கீழ வலது மூலைல ஸ்பேசஸ் 4ன்னு தெரியறதை க்ளிக் பண்ணி நாமதான் கன்வர்ட் குடுக்கணும்.