பொட்டலம் குடுத்தா போதுமா?

ரெண்டு நாளா மனசுல கிடந்து உறுத்துது, எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், நம்ம சபை ஆளுங்க பொறுமையா படிங்க.

போன மாசம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சு. வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன், பத்து நிமிஷத்துல நாப்பது பேர் "ஜெபிக்கிறோம் சிஸ்டர்"னு கும்பிடு கை போட்டாங்க. ஜெபத்தை நான் குறைச்சு சொல்லல, அன்னைக்கு ராத்திரி என்னைத் தாங்கினதே அதுதான். ஆனா ஒன்பது நாள் வார்டுல இருந்தோம், வந்து பாத்தது பாஸ்டரும் பாஸ்டரம்மாவும், அப்புறம் இங்க சிங்கப்பூர்ல ஊர்லேர்ந்து வேலைக்கு வந்தவங்க தங்குற துவாஸ் டார்மிட்டரியில இருந்து ஒரு தம்பி, அவ்வளவுதான்.

அவனுக்கு கட்டுமான வேலை. வாரத்துல ஆறு நாள் வெயில்ல நின்னுட்டு ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அந்த நாள்ல ஆராதனை முடிச்சு தேக்கா மார்க்கெட் பக்கம் இட்லி வாங்கிட்டு எம்ஆர்டி ரயில் மாறி பஸ் மாறி வந்து நிக்கிறான். "என்ன வேணும்"னு ஒரு வார்த்தை கேக்கல. "அக்கா, நீங்க வீட்டுக்குப் போய் குளிச்சு ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க, நான் அம்மாகூட இருக்கேன்"னான். நாலு மணி நேரம் கழிச்சு வந்து பாக்குறேன், அம்மாவுக்கு சங்கீதம் வாசிச்சு முடிச்சுட்டு ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிட்டு இருக்காங்க, விழுந்ததுக்கு அப்புறம் அம்மா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

எனக்கு வெக்கமா போச்சு. ரெண்டு வருஷமா நம்ம சபைக்கு வர்றான், ஞாயித்துக்கிழமை மதியம் எத்தனையோ தடவை அவன் கையில பிரியாணி பொட்டலம் குடுத்திருக்கேன், அவனுக்கு கல்யாணம் ஆச்சா, அப்பா அம்மா இருக்காங்களான்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல.

ரோமர் 12:9ல பவுல் அன்பு "மாயமற்றதாயிருப்பதாக"ன்னு எழுதுறாரு. கிரேக்க மூலத்துல அந்த சொல், மேடையில வேஷம் கட்டுற நடிகனைக் குறிக்கிற சொல்லோட மறுப்பு, அதாவது வேஷமில்லாத அன்பு. நாம வேஷம் போடுறோம்னு சொல்ல வரல. கிறிஸ்மஸ் பை குடுக்குறோம், 2020 கொரோனா நேரத்துல இவன் மாதிரி பிள்ளைங்க டார்மிட்டரியை விட்டு வெளிய வர முடியாம அடைஞ்சு கிடந்தப்போ போன் டாப்அப் கார்டும் சாப்பாடும் அனுப்பினோம், அதெல்லாம் உண்மையான அன்புதான். ஆனா எப்பவும் நாம குடுக்குறவங்க, அவங்க கை நீட்டுறவங்க, இந்த ஏற்பாடு மட்டும் மாறவே இல்ல. கோயில்ல அவங்க உக்கார்ற கடைசி பெஞ்சும் மாறல.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை திரும்ப எடுத்துப் படிங்க. கிரேக்க பாஷை பேசுற விதவைகளை தினசரி பந்தியில கவனிக்கலன்னு முறுமுறுப்பு வருது. அப்போஸ்தலர்கள் "யாரு குறை சொன்னது"ன்னு விசாரிக்கல, இன்னும் ரெண்டு தட்டு சேத்து அனுப்பி வாயை அடைக்கவும் இல்ல. பந்தி விசாரிக்க ஏழு பேரை தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழுமே கிரேக்கப் பேரு! குறைபட்ட கூட்டத்தோட ஆளுங்க கையிலயே பந்தியை ஒப்படைச்சுட்டாங்கன்னுதான் நான் படிக்கிறேன். நம்ம சபையில இத்தனை கமிட்டி இருக்கு, ஒண்ணுலயாவது டார்மிட்டரி தம்பி ஒருத்தன் இருக்கானா சொல்லுங்க.

நாமளும் வேலை தேடி கப்பல்ல வந்தவங்க வம்சம்தானே. ஓபிர் ரோட்டுல 1888ல தமிழ்க் கத்தோலிக்கருக்குன்னு எழும்பின லூர்து மாதா கோயிலைக் கடந்து போறப்பல்லாம் எனக்கு இதுதான் தோணும், ஊரை விட்டு வந்தவங்க ஒரு கூரைக்காக எவ்வளவு ஏங்கியிருப்பாங்க.

"பாவம், ஒரு நாள் லீவுல அவங்களுக்கு எதுக்கு வேலை"ன்னு ஒரு மூத்த ஆண்டி சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா களைப்பா இருக்கா இல்லையான்னு அவங்கதானே சொல்லணும், நாமளே ஏன் முடிவு பண்றோம்?

அதனால வர்ற ஞாயிறு கமிட்டி கூட்டத்துல எழுந்து கேக்கப் போறேன், மதிய சாப்பாட்டுப் பொறுப்புல பாதி அந்தப் பிள்ளைங்க கிட்ட இருக்கட்டும்னு. நீங்களும் கூட நில்லுங்க. தம்பி கிட்ட முதல்லயே கேட்டுட்டேன், உனக்கு சம்மதமான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அக்கா, நாசரேத் பக்கம் எங்க ஊர் கோயில் அசன விருந்துக்கு வருஷா வருஷம் சோறு வடிக்கிறது நான்தான். இங்க யாரும் கேக்கல"ன்னான்.