ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் ரவுட்டரை அமைக்கலாம்

ஜாவாஸ்கிரிப்ட் (வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) இயங்கும் பிரவுசர் இல்லாவிட்டால் எந்த வீட்டு ரவுட்டரையும் அமைக்க முடியாது என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. பணிவுடன் ஒரு திருத்தம்: இணைய நிறுவனங்கள் தரும் பல ரவுட்டர்களுக்கு இது பொருந்தும், எல்லா ரவுட்டர்களுக்கும் பொருந்தாது.

ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை நிறுவிய ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். பிரவுசரில் திறந்து ரவுட்டரை அமைக்க உதவும் அதன் 'லூசி' வலைப்பக்கம், 2020 ஜனவரியில் வந்த 19.07 பதிப்பிலிருந்து பெருமளவு ஜாவாஸ்கிரிப்டையே நம்பியிருக்கிறது என்பது உண்மைதான் (இந்தக் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்). ஆனால் அந்தப் பக்கம் வெறும் முகப்புதான். அமைப்புகள் அனைத்தும் ரவுட்டருக்குள் சாதாரண உரைக் கோப்புகளாகவே இருக்கின்றன, அவற்றை எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளைகள் கொடுக்கும் முறை) வழியாக நேரடியாகப் படிக்கலாம், மாற்றலாம்.

சரிபார்க்க விரும்புபவர்கள் கணினியை லேன் கேபிளில் இணைத்து, டெர்மினலிலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) 192.168.1.1 என்ற இயல்பு முகவரிக்கு முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' பயனராக எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைந்து, 'யூசிஐ ஷோ வயர்லெஸ்' (uci show wireless; யூசிஐ என்பது அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கருவி) என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். வைஃபையின் பெயர், சேனல், கடவுச்சொல் எல்லாம் வரிவரியாகத் திரையில் வரும்; கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் அப்படியே தெரியும் என்பதால் பக்கத்தில் ஆள் இல்லாதபோது செய்வது நல்லது. 'யூசிஐ செட்' கொண்டு மாற்றிய மதிப்பு, 'யூசிஐ கமிட்' கொடுத்த பிறகே கோப்பில் பதியும். அதன்பின் 'வைஃபை ரீலோட்' கொடுத்தால் நடைமுறைக்கு வரும்.

மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்களிலும் எஸ்எஸ்ஹெச் வழி உண்டு. அவற்றின் இயல்பு முகவரி 192.168.88.1.