டெங்கி என்று டாக்டர் பதிவு செய்தால் அபராதமா?

“கிளினிக்கில் டெங்கி என்று பதிவானால் வீட்டுக்கு அபராதம் வரும், பெயரும் வெளியாகும். பதிவு செய்ய வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக் குழுக்களில் சுற்றுகிறது. தவறான தகவல். இதை நம்பி யாரும் காய்ச்சலோடு வீட்டில் முடங்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

டெங்கி உறுதியானால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். தொற்றுநோய்ச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நம் சம்மதம் தேவையில்லை. மறைத்தால் குற்றம் டாக்டர்மீதுதான்.

அந்தப் பதிவு ஏன் முக்கியம்? 14 நாளுக்குள், 150 மீட்டர் தூரத்துக்குள் இருவருக்கு டெங்கி வந்தாலே அது டெங்கிக் குழுமம். தேசியச் சுற்றுப்புற வாரியம் உடனே அங்கே கொசு தேடி இறங்கும். இணையத்தில் வெளியிடப்படுவது தெரு, புளோக், எண்ணிக்கை மட்டுமே. பெயர் வராது.

அபராதம் நோய்க்கு அல்ல, வீட்டில் கொசு உற்பத்தியாவதற்கு. பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீர், துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாய்: அதிகாரிகள் குனிந்து பார்ப்பது இவற்றைத்தான். கழியை எடுத்ததும் குழாயை மூடிவிடுங்கள்.