கரையான் புற்றைப் பார்த்துப் படித்தால் என்ன கேவலம்?

எங்கள் கட்டிடக்கலைக் கல்லூரி ஜூரியில், அதாவது மாணவர்களின் வடிவமைப்பை மதிப்பிடும் அமர்வில், நடந்ததை முந்தாநாள் எழுதியிருந்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. "புத்துக் கோயில் கட்டறதுக்கா அஞ்சு வருஷம் படிக்கிறே?" என்று மதிப்பிட வெளியிலிருந்து வந்தவர் என் மாணவி ஒருத்தியைக் கேட்க, அறையே சிரித்தது. மாடலை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்தப் பெண் நின்றாள்.

அவள் புற்று வடிவத்தில் எதையும் கட்டவில்லை. பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு, கரண்ட் போன மத்தியானத்திலும் வகுப்பறைக்குள் காற்று நகர, புற்றைப் பார்த்து வழி தேடியிருந்தாள். வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் புரிந்திருக்கும்.

இயற்கையிடம் படிப்பது என்றால் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது. உருவத்தைக் காப்பி அடிப்பது வேறு. ஹைதராபாத்தில் மீன்வள வாரிய அலுவலகம் மீன் மாதிரியே நிற்கிறது. அதைக் கிண்டல் செய்தால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் கட்டிடக்கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் என்ற அலுவலக, கடை வளாகம் 1996-லிருந்து வழக்கமான ஏசி இல்லாமல் இயங்குகிறது. இரவுக் குளிரைக் காங்கிரீட்டில் பிடித்துவைத்துப் பகலைச் சமாளிக்கிறது. யோசனை கொடுத்தது கரையான் புற்று; அது சூடான காற்றைப் புகைபோக்கி மாதிரி மேலே தள்ளுகிறது என்று அப்போது நினைத்தார்கள்.

"புற்று புகைபோக்கி மாதிரி வேலை செய்வதில்லை என்று பிறகு சொல்லிவிட்டார்களே" என்பீர்கள். சரி, அதனால் என்ன? நம் தென்னிந்தியப் புற்றுகளுக்குள்ளேயே அளந்து 2015-ல் ஆய்வு வந்தது. பகலில் வெளிப்பக்க மடிப்புகள் சூடேறி அங்கே காற்று மேலேறும், நடுவில் இறங்கும், இரவில் தலைகீழ். அவள் சுவருக்குள் வரைந்திருந்த காற்றுப் பாதை இதுதான். எப்படி வேலை செய்கிறது என்றுதான் அவளும் கேட்டாள்.

சிலபஸில் நேரமில்லை என்கிறார்கள். ஒரு சாயங்காலம் போதும். போன வருஷம் பாலக்கோட்டில் எங்கள் கிணற்றுமேட்டுக்கு மாணவர்களைக் கூட்டிப்போனேன். கீழே விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூட்டைப் பிரித்தோம். நாரை நாருக்குள் நுழைத்து முடிச்சுப் போட்டிருந்தது. உட்சுவரில் காய்ந்த களிமண் உருண்டைகள். இது எப்படி வந்தது என்று கேட்டேன், எல்லோரும் விழித்தார்கள். "ஆண் குருவி கொண்டுவந்து அப்பும் சார், கட்டும்போது பாத்திருக்கேன்" என்றாள் ஒருத்தி. அதே பெண்தான்.

ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து வந்த பிள்ளை. புற்றையும் கூட்டையும் வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்தப் பார்வையை எந்தக் கல்லூரியும் அவளுக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதைத்தான் சிரித்து நசுக்கினீர்கள்.

நேற்று போன் செய்து, "சாதா பில்டிங்காவே மாத்திடறேன் சார்" என்கிறாள். ஒரு கோடுகூட மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ரிவ்யூவில் அவள் பக்கத்தில் நானும் நிற்பேன்.